ரேஸ் பேப்பர் கேள்வி பதில்: 1121 ஏன் தோற்றது?

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சாயங்காலம் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்துக்குக் காசு போடப் புக்கிக்கு, அதாவது பந்தயக் கடைக்கு, போகிறவர்கள் குதிரையின் பெயரைப் பார்க்கிறார்களே தவிர பந்தயத்தைப் பார்ப்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன், கேள்விகளுக்குப் பதில் கீழே. நானும் இருபது வருடத்துக்கு மேல் அந்த வாங்குகளில் உட்கார்ந்து, பந்தயச் சிட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கீழே போட்டவன்தான், அதனால் யாருக்கும் உபதேசம் செய்கிற உரிமை எனக்குக் கிடையாது. நாளைக்கு எந்தக் குதிரை வரும் என்று மட்டும் கேட்டு எழுதிய பதினொரு பேருக்கும் ஒரே பதில்: தெரியாது.

ஐயா, ரேஸ் பேப்பரில் ஒரு குதிரைக்கு நேராக 1121 என்று இருந்தது. இன்னொன்றுக்கு 00-640. முதல் குதிரைக்குப் போட்டேன், அது ஏழாவதாக வந்தது. வென்றது அந்த 00-640. இது கள்ள ரேஸ்தானே?
– ஹட்டன் வாசகர்

கள்ள ரேஸ் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். அந்த இலக்கங்களை முதலில் சரியாக வாசிப்போம். இடமிருந்து வலம் வாசிக்க வேண்டும், கடைசி இலக்கம்தான் கடைசி ஓட்டம். 1 முதல் 9 வரை வந்த இடம், 0 என்றால் பத்தாவதோ அதற்குப் பின்னாலோ. நடுவில் உள்ள சிறு கோடு பருவம் மாறியதைக் காட்டுகிறது. சாய்ந்த கோடு இருந்தால் அதைவிட நீண்ட இடைவெளி, ஒரு முழுப் பருவமே ஓடாமல் இருந்திருக்கும்.

இவ்வளவுதான் அந்த இலக்கங்கள் சொல்வது. எத்தனையாவது வந்தது என்று சொல்கின்றன, யாரோடு ஓடி வந்தது என்று சொல்வதில்லை. நம் தோட்டங்களுக்கிடையே நடக்கும் சொஃப்ட்பால் போட்டியில் கிண்ணம் எடுத்த அணியும், கொழும்புக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அணியும் ஒரு நாள் மோதினால் நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்? தோற்றவர்கள் யாரிடம் தோற்றார்கள் என்று கேட்பீர்கள்தானே. குதிரைக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

இங்கிலாந்தில் பந்தயங்களுக்கு 1 முதல் 7 வரை தரம் உண்டு. 1தான் உச்சம், டேர்பி மாதிரிப் பெரிய பந்தயங்கள் எல்லாம் அதற்குள் வரும். 6, 7 என்றால் அடிமட்டம். அத்தோடு போதிய தடவை ஓடிய ஒவ்வொரு குதிரைக்கும் பந்தய அதிகார சபை ஒரு மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கிறது, அது செவ்வாய்க்கிழமை தோறும் புதுப்பிக்கப்படுகிறது. வென்றால் ஏறும், தொடர்ந்து தோற்றால் இறங்கும்.

இப்போது உங்கள் இரண்டு குதிரைகளையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் முழு வரலாறும் என் கையில் இல்லை, இப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1121 குதிரை ஆறாம் தரத்தில் 58 மதிப்பெண்ணில் ஆரம்பித்து, வெல்ல வெல்ல 63, 69, 75 என்று ஏறி, இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னைவிடப் பெரிய குதிரைகளோடு நிற்கிறது. மற்றது போன வருடம் 76இல் ஒரு பந்தயம் வென்ற குதிரை. அதற்குப் பிறகு மூன்றாம் தரத்தில் ஓட விட்டார்கள், ஒன்றும் சரிவரவில்லை, நல்ல வெயிலில் காய்ந்த தரையில் இரண்டு ஓட்டம், தனக்குப் பொருந்தாத நீண்ட தூரத்தில் ஒரு ஓட்டம். மதிப்பெண் 67க்கு இறங்கிவிட்டது. இன்றைக்கு ஐந்தாம் தரம், வென்ற அதே ஏழு ஃபர்லோங் தூரம் (எட்டு ஃபர்லோங் ஒரு மைல், ஒரு ஃபர்லோங் ஏறக்குறைய 201 மீட்டர்), இரவு பூராவும் மழை. 0, 0, 6, 4, 0 எல்லாம் வேறு கேள்வித்தாளுக்கு எழுதிய விடைகள். இன்றைக்கு வந்தது அதற்குத் தெரிந்த கேள்வித்தாள்.

ஆகவே நான் கடைசி ஓட்டத்தைப் பார்க்க மாட்டேன், கடைசியாக எப்போது நன்றாக ஓடியது என்று பார்ப்பேன். அது எந்த மைதானம், எந்தத் தூரம், என்ன தரை, எந்தத் தரம், எத்தனை மதிப்பெண். அந்த ஐந்தும் இன்றைக்கு எந்த அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது? பெயருக்குப் பக்கத்தில் சி என்ற எழுத்து இருந்தால் அந்த மைதானத்தில் வென்றிருக்கிறது, டி என்றால் அந்தத் தூரத்தில் வென்றிருக்கிறது, சிடி என்று சேர்த்து இருந்தால் அந்த மைதானத்தில் அதே தூரத்தில். இவற்றை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. பி.எஃப் என்று இருந்தால் போன தடவை பெவரிட்டாக (எல்லாரும் கூடுதலாக நம்பி, விலை ஆகக் குறைந்த குதிரையாக) நின்று தோற்ற குதிரை, அதாவது விஷயம் தெரிந்தவர்கள் பணம் போட்டும் வராதது. அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க முடிந்தால் (தொடக்கத்தில் மாட்டிக்கொண்டது, தரை சரியில்லை) அந்தக் குதிரையை நான் மறக்க மாட்டேன்.

ஒரு குதிரைக்கு 9-7 என்றும் இன்னொன்றுக்கு 8-9 என்றும் போட்டிருக்கிறதே, அது என்ன? எங்கள் புக்கியில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– கொட்டகலை வாசகர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ஆறு மாதம் நான் அதை விலை (போட்ட காசுக்கு எத்தனை மடங்கு லாபம் என்பது) என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 9-2 என்று இருப்பதைப் பார்த்து, இரண்டுக்கு ஒன்பது கிடைக்கும் என்று போட்டு, வென்றும் காசு குறைவாக வந்ததென்று கவுண்டரில் இருந்த பையனோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். அது எடை. ஸ்டோன், பவுண்டு. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. 9-7 என்றால் 133 பவுண்டு, சுமார் 60 கிலோ. ஜொக்கியும் சேணமும் சேர்த்து அவ்வளவு இருக்க வேண்டும், குறைந்தால் ஈயத்தகடு வைத்து நிரப்புவார்கள். 8-9 என்றால் 121 பவுண்டு. வித்தியாசம் 12.

ஏன் இந்த வித்தியாசம்? இதை நம் தோட்டத்தில் வைத்துச் சொன்னால் சீக்கிரம் விளங்கும். மலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுக்கிறார் என்று வையுங்கள். எல்லாருடைய கூடையும் தராசில் ஒரே கிலோ காட்ட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. என்ன செய்வார்? கை வேகமான அக்காவுக்குச் செங்குத்தான, கொழுந்து குறைந்த நிரையைக் கொடுப்பார். புதிதாகப் பெயர் பதிந்த பிள்ளைக்குப் பாதை ஓரத்து நல்ல நிரை. ஹெண்டிகெப் பந்தயம் என்பது இதுதான். மதிப்பெண் 75 உள்ள குதிரை 63 உள்ள குதிரையைவிட 12 பவுண்டு கூடச் சுமக்கிறது, ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பவுண்டு. எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் கனவு. அது நடப்பதில்லை, நடக்காத இடத்தில்தான் நமக்கு வேலை.

பவுண்டை ஓட்டத்துக்கு மாற்ற ஒரு கைக்கணக்கு உண்டு. ஐந்து ஃபர்லோங் குறுகிய ஓட்டத்தில் ஒரு குதிரை நீளத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு, ஒரு மைலில் 2, இரண்டு மைலுக்கு மேல் போனால் 1. போன தடவை ஒரு மைலில் 'அ' குதிரை 'ஆ'வை இரண்டு நீளத்தால் வென்றது, இன்று 'அ' முன்பைவிட 6 பவுண்டு கூடச் சுமக்கிறது, 'ஆ'வுக்கு மாற்றமில்லை என்றால், காகிதத்தில் 'ஆ' ஒரு நீளம் முன்னால் வர வேண்டும். காகிதத்தில். போன தடவை 'அ' கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு வென்றதா, நாக்குத் தள்ள வென்றதா என்பது காகிதத்தில் இல்லை, அதற்குப் பந்தயத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஜொக்கி பெயருக்குப் பக்கத்தில் சிறியதாக 7, 5, 3 என்று இருந்தால் அவர் பழகுகிற பையன் அல்லது பெண், அவ்வளவு பவுண்டு குறைத்துத் தருகிறார்கள். மட்டப் பந்தயத்தில் (தடை தாண்டாத ஓட்டத்தில்) 20 வெற்றி வரை 7, 50 வரை 5, 95 வரை 3. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 7 பவுண்டு சலுகையோடு வந்தால் அது இனாம் மாதிரி. கெட்டிக்காரத்தனம் ஊருக்குத் தெரிவதற்குள் சலுகையும் போய்விடும்.

குட், சொஃப்ட், ஹெவி என்று தரையைப் பற்றி எழுதுகிறார்களே, அதில் அவ்வளவு இருக்கிறதா? ஓடுகிறது குதிரைதானே.
– மஸ்கெலியா வாசகர்

மஸ்கெலியாவிலிருந்து இந்தக் கேள்வியா! ஜூன் மாதத்து மழையில் ஒரு பாட்டாவைப் போட்டுக்கொண்டு லயத்துக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பாதையில் ஏறிப் பாருங்கள், அப்புறம் ஜனவரியில் அதே பாதையில் ஏறிப் பாருங்கள். கால் அதே கால்தான்.

காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கு வரிசை இப்படி: ஹார்ட், பேர்ம், குட் டு பேர்ம், குட், குட் டு சொஃப்ட், சொஃப்ட், ஹெவி. ஹார்ட் தரையில் இப்போது பந்தயம் வைப்பது மிக அரிது, குதிரையின் காலுக்கு ஆகாது. சில குதிரைகள் காலைத் தரையோடு தரையாக நீட்டி ஓடும், அவற்றுக்குக் காய்ந்த தரை. சில முழங்காலை உயரத் தூக்கிக் குத்திக் குத்தி ஓடும், அவை சேற்றுக்குப் பயப்படாது. தரை இளகினால் தூரமும் கூடின மாதிரிதான், ஒரு மைலை மட்டுமட்டாக முடிக்கிற குதிரை சேற்றில் கடைசி ஃபர்லோங்கில் நின்றுவிடும்.

நம் பேப்பர் முதல் நாளே அச்சாகிவிடுகிறது. அதில் உள்ள தரை நேற்றைய தரை. அங்கே விடிய விடிய மழை பெய்தால் காலையில் அறிவிப்பு மாறும், காய்ந்த தரை வேண்டிய குதிரைகளை எடுத்துவிடுவார்கள். கோடையில் நம் பகல் பன்னிரண்டு மணி அங்கே காலை ஏழரை. குளிர்காலத்தில் ஆறரை. ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் செய்த மிக முட்டாள்தனமான பந்தயங்கள் எல்லாம் காலையிலேயே சிட்டு எழுதிக் கொடுத்தவை.

புல் இல்லாத செயற்கைத் தரையும் இருக்கிறது. கெம்ப்டன், லிங்ஃபீல்ட், செம்ஸ்ஃபர்ட் மைதானங்களில் பொலிட்ராக் என்ற வகை, வுல்வர்ஹம்ப்டன், நியூகாசில், சவுத்வெல்லில் டபேட்டா என்ற வகை. குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கும் புக்கியில் சத்தம் கேட்கிறதென்றால் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றுதான். இங்கே மழைக் கணக்கு குறைவு, ஒரே குதிரைகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஓடுகின்றன, அதனால் புதிதாகப் படிக்கிறவருக்கு நல்ல வகுப்பறை. செயற்கைத் தரையில் வென்ற இலக்கங்களைப் புல்லுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள், அது மட்டும்.

ஸ்டால் நம்பரில் அதிர்ஷ்டம் இருக்கிறதா?
– பண்டாரவளை வாசகர்

ஸ்டால் என்பது ஓட்டம் தொடங்கும்போது குதிரை நிற்கும் கூண்டு. அதில் அதிர்ஷ்டம் இல்லை, வளைவு இருக்கிறது. செஸ்டரைப் பாருங்கள், 1539 முதல் பந்தயம் நடக்கிற இடம், சுற்றளவே ஒரு மைலை ஒட்டித்தான், கிட்டத்தட்ட முழுக்க இடப்பக்க வளைவு. ஐந்து ஃபர்லோங் ஓட்டத்தில் உள்ளே 1, 2, 3இல் நிற்பவன் வேலியை ஒட்டி ஓடுவான், 12இல் நிற்பவன் அதே பந்தயத்தில் கூடுதல் தூரம் ஓடுவான். ஹப்புத்தளை ரோட்டில் வளைவுக்கு வெளிப்பக்கம் பஸ்ஸோடு போட்டி போட்டு நடந்து பார்த்தால் தெரியும். நீளமான நேர்ப்பாதை உள்ள நியூமார்க்கட் மாதிரி இடங்களில் இலக்கத்தைவிட வேகமான குதிரைகள் எந்தப் பக்கம் கூட்டமாக நிற்கின்றன என்பதுதான் முக்கியம்.

பெவரிட் குதிரைக்கே எப்போதும் போட்டால் என்ன? அதுதானே கூடுதலாக வெல்லும்?
– பதுளை வாசகர்

கூடுதலாக வெல்லும், உண்மைதான். நீண்ட காலக் கணக்கில் மூன்றில் ஒரு பந்தயம் அளவுக்குப் பெவரிட்தான் எடுக்கிறது. ஆனால் எல்லாப் பெவரிட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் காசு மெல்ல மெல்லக் கரையும், ஏனென்றால் கிடைக்கிற விலை அந்த மூன்றில் ஒன்றுக்குப் போதாது.

ஆறு குதிரை ஓடும் ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள் 2/1 (ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் லாபம்), 3/1, 4/1, 6/1, 8/1, 10/1. ஒவ்வொரு விலைக்குள்ளும் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது: 2/1 என்றால் மூன்றில் ஒன்று, 33.3 வீதம். 3/1 என்றால் 25. மற்றவை 20, 14.3, 11.1, 9.1. கூட்டிப் பாருங்கள், 112.8 வருகிறது. உலகத்தில் வாய்ப்பு எல்லாம் சேர்த்து நூறுதான். மேலே உள்ள 12.8 புக்கிக்காரரின் வீட்டு அரிசி.

அப்போ எப்படி வெல்வது? விலைக்குள் இருக்கும் வாய்ப்பைவிட உண்மையான வாய்ப்பு கூடுதலாக இருக்கும் குதிரை வேண்டும். 4/1 குதிரை என்றால் ஐந்தில் ஒரு தடவை வெல்லும் என்று விலை சொல்கிறது. நீங்கள் எல்லாம் பார்த்து, தரை, தூரம், எடை பார்த்து, இல்லை இது நான்கில் ஒரு தடவை வெல்லும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கணக்கு சரியென்றால் நூறு ரூபாய்ப்படி நூறு தடவை போட்டால் 10,000 போகும், 25 தடவை (போட்ட நூறும் சேர்த்து) 500 திரும்பி 12,500 வரும். அந்த நூறில் 75 தடவை தோற்பீர்கள் என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு தடவை தொடர்ந்து தோற்கும் காலமும் வரும், உங்கள் பக்கத்தில் இருப்பவர் பெவரிட்டுக்குப் போட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பார். உங்கள் கணக்கு பிழையென்றால், ஐந்தில் ஒன்றுதான் என்றால், வந்ததும் போனதும் சரி. அதைவிடக் குறைவென்றால் நஷ்டம், அவ்வளவுதான்.

கணக்கு சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். காசு போடாமல் மூன்று மாதம் எழுதுங்கள்: பந்தயம், குதிரை, ஏன் பிடித்தது என்று ஒரு வரி, விலை, முடிவு. இதைச் செய்யச் சொன்னால் நூற்றுக்கு ஒருவர்கூடச் செய்ய மாட்டார். நானே பதினெட்டாவது வருடத்தில்தான் செய்தேன், செய்த பிறகுதான் தெரிந்தது, நான் நிபுணன் என்று நினைத்துக்கொண்டிருந்த பெரிய ஹெண்டிகெப் பந்தயங்களில்தான் அதிகமாகத் தோற்றிருக்கிறேன் என்று.

விலை எவ்வளவு சுருங்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லட்டுமா. 2012 ஜூனில் ரோயல் அஸ்கொட் குயின் ஆன் பந்தயத்தில் ஃபிராங்கெல் 11 நீளத்தால் வென்றது. வாழ்நாளில் ஓடிய 14 ஓட்டத்தையும் வென்ற குதிரை அது. அன்றைக்கு அதன் விலை 1/10. ஆயிரம் ரூபா போட்டவருக்கு லாபம் நூறு. வெல்லும் என்று எல்லாருக்கும் தெரிந்த குதிரைக்கு இதுதான் கிடைக்கும்.

ஐந்து குதிரை சேர்த்து ஒரே சிட்டில் போட்டால் லட்சாதிபதி ஆகலாம் என்கிறார்கள்.
– நாவலப்பிட்டி வாசகர்

ஆனவர்கள் உண்டு. 1996 செப்டம்பர் 28ஆம் தேதி அஸ்கொட்டில் ஜொக்கி ஃபிராங்கி டெட்டோரி ஒரே நாளில் ஏழு பந்தயத்திலும் வென்றார், ஏழையும் சேர்த்துப் போட்டிருந்தால் விலை 25,095/1. அந்த ஒரு நாளைத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வேறு நாள் இல்லாததால். மேலே பதுளைக்காரருக்குச் சொன்ன 13 வீத மேலதிகம் இருக்கிறதே, மூன்று குதிரையைச் சேர்த்தால் அது மூன்று தடவை பெருகிச் சுமார் 44 வீதமாகிறது. நீங்கள் சேர்க்கச் சேர்க்க புக்கிக்காரர் சேமிக்கிறார்.

வட்ஸ்அப்பில் ஒருவர் இங்கிலாந்து லாயத்திலிருந்து நேரடியாக டிப்ஸ் வருகிறது என்று மாதம் காசு கேட்கிறார். சேரலாமா?
– தலவாக்கலை வாசகர்

தம்பி, வேண்டாம். எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்துக்கு எட்டுக் குழு வைத்து, எட்டுக் குழுவுக்கும் வேறு வேறு குதிரை சொன்னால் ஒரு குழுவுக்கு அவர் தெய்வம். அடுத்த வாரம் அந்தக் குழுவிடம்தான் காசு கேட்பார்.

என் வீட்டுக்காரர் சம்பளம் எடுத்த அன்றே டவுனுக்குப் போய் ரேஸில் போட்டுவிட்டு வருகிறார். போன தீபாவளி முற்பணமும் அப்படித்தான் போனது. கேட்டால், எல்லாம் படித்துத்தான் போடுகிறேன், இந்த முறை விட்டதைப் பிடிப்பேன் என்கிறார். நீங்கள் எழுதுவதை வெட்டி வைத்திருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– டிக்கோயா பக்கத்திலிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இந்தப் பகுதியையே எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் அவர் வெட்டி வைத்திருக்கிறார், இதையும் வாசிப்பார்.

தம்பி, உங்களுக்குத்தான். நான் மேலே எழுதியதெல்லாம் காசு போவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது, நானும் நடத்தவில்லை, எனக்குக் கடைச் சம்பளம் இருந்தது. "விட்டதைப் பிடிப்பது" என்று ஒரு பந்தயம் பேப்பரில் எங்கேயும் இல்லை. இன்றைக்கு மாலை ஆறரைப் பந்தயத்தில் ஓடும் குதிரைக்கு நீங்கள் நேற்று எவ்வளவு தோற்றீர்கள் என்று தெரியாது. தோற்ற காசை எடுக்க வேண்டும் என்று பார்க்கும்போது கண் தரையையும் எடையையும் பார்க்காது, விலையை மட்டும்தான் பார்க்கும், எவ்வளவு பெரிய விலை என்று. அது படித்துப் போடுவது ஆகாது.

தங்கச்சி, அவரோடு சம்பள நாளில் பேசாதீர்கள், அன்றைக்குக் காது கேட்காது. அதற்கு ஒரு வாரம் முன்னால், அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரை, அவருடைய அண்ணனோ மாமாவோ, வைத்துக்கொண்டு பேசுங்கள். சம்பளம் கைக்கு வந்தவுடன் கடைக் கடனும் பிள்ளைகளின் செலவும் உங்கள் கைக்கு வரட்டும். அடகு வைக்கச் சொன்னால் நகையைக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியும் போடுகிறார் என்றால் இது பொழுதுபோக்கு அல்ல, குடியைப் போல ஒரு நோய், ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தம்பி, அந்தக் கத்தரித்த காகிதங்களை அடுப்புக்குப் போடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இலக்கங்களுக்கு நடுவே பி, எஃப், யு என்று எழுத்துகள் வருகின்றனவே?
– ஹப்புத்தளை வாசகர்

அது தடை தாண்டுகிற பந்தயம். எஃப் விழுந்தது, யு ஜொக்கி விழுந்தார், பி (P) பாதியில் நிறுத்திவிட்டார்கள், ஆர் தாண்ட மறுத்தது, பி-க்கு அண்ணனான இன்னொரு பி (B) உண்டு, மற்றக் குதிரை விழுந்ததில் தடுக்கி விழுந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து, நம் எழுத்தில்தான் ஒன்று. ஒரு எஃப் இருந்தால் பயப்படாதீர்கள், மூன்று எஃப் இருந்தால் பயப்படுங்கள். கிராண்ட் நேஷனல் நான்கு மைலுக்கு மேல், 30 தடைகள், முன்பு 40 குதிரை ஓடியதை 2024 முதல் 34 ஆகக் குறைத்திருக்கிறார்கள். 1967இல் 23ஆவது தடையில் ஒரு குதிரை குறுக்கே ஓடிக் கூட்டமே சிக்கிக்கொள்ள, வெகு பின்னால் வந்த ஃபோய்னவன் இடைவெளி பார்த்துத் தாண்டி 100/1இல் வென்றது. இந்தப் பந்தயத்துக்கு மட்டும் நான் பெயர் பார்த்துத்தான் போடுவேன், நூறு ரூபாய்க்கு மேல் போட மாட்டேன்.

ஏப்ரலில் நுவரெலியா ரேஸ் பார்க்கிறோம். இந்தக் கணக்கெல்லாம் அதற்கும் ஓடுமா?
– நுவரெலியா வாசகர்

அரைவாசி ஓடும். 1875இல் தொடங்கிய மைதானம் அது, ஆனால் வருடத்தில் நடக்கும் நாட்கள் கொஞ்சம், ஓடும் குதிரைகளும் கொஞ்சம். அதனால் தரம், மதிப்பெண் என்று பெரிய கணக்குத் தேவையில்லை, இந்தக் குதிரை அந்தக் குதிரையை நேருக்கு நேர் எப்போது சந்தித்தது, அன்றைக்கு எவ்வளவு எடை, இன்றைக்கு எவ்வளவு எடை, அது போதும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, எங்களைப் போலத் திரையில் பார்க்காமல் குதிரையைக் கண் முன்னால் பார்க்கலாம். ஓட்டத்துக்கு முன் சுற்றி நடத்திக் காட்டும்போது வேலிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தோல் மினுங்குகிறதா, பின்னங்கால் முன்னங்கால் வைத்த தடத்தைத் தாண்டி விழுகிறதா, தலையைத் தாழ்த்தி அமைதியாக நடக்கிறதா. குளிரில் நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு குதிரை பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரை தள்ள வேர்த்துக்கொண்டு, இரண்டு பேர் பிடித்தும் அடங்காமல் துள்ளுகிறதென்றால் அது தன் பந்தயத்தை அங்கேயே ஓடி முடித்துவிட்டது. ஜனம் அதைப் பார்த்துத்தான் "ஆஹா என்ன வேகம்" என்று போய்ப் போடும்.

நத்தார் அன்று புக்கியில் இங்கிலாந்து ரேஸ் இல்லை என்கிறார்கள். மறுநாள் எதைப் பார்க்கலாம்?
– லிந்துலை வாசகர்

24உம் 25உம் அங்கே ஓட்டமில்லை. 26ஆம் தேதி ஒரேயடியாகப் பல மைதானத்தில் வைப்பார்கள், நிமிடத்துக்கு ஒன்றாக ஓடும், தலை சுற்றும். கெம்ப்டனில் நடக்கும் கிங் ஜோர்ஜ் ஒன்றை மட்டும் பாருங்கள். மூன்று மைல், தாண்டுகிற பந்தயம், ஹெண்டிகெப் இல்லை, பெரிய குதிரைகள் பெரும்பாலும் ஒரே எடையில் நேருக்கு நேர். செல்டன்ஹம் மைதானத்தில் கடைசியில் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் உண்டு, கெம்ப்டன் தட்டை, வலப்பக்க வளைவு. ஆகவே மெதுவாக அரைத்து அரைத்து ஏறுகிற குதிரைக்கு இது ஆகாது. முன்னால் போய்த் தடுமாறாமல் வேகமாகத் தாண்டுகிறது வேண்டும். அதனால்தான் ஒருமுறை வென்றது திரும்பவும் வெல்கிறது: டெஸர்ட் ஓர்க்கிட் நான்கு தடவை, கௌட்டோ ஸ்டார் 2006க்கும் 2011க்கும் இடையில் ஐந்து தடவை. பேப்பரில் முன்பு கெம்ப்டனில் வென்ற சி எழுத்துக்காரர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். நமக்கு இரவு எட்டு மணி சுமாருக்கு ஓடும், லிந்துலையில் அந்த நேரம் நல்ல குளிர், கம்பளி மறக்காதீர்கள்.